சாம்பல் நிறத்துக்கு ஒரு மாடு

பங்குனி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். வானத்தில் மேகம் இரண்டு. இரண்டும் சூரியனை விட்டு வெகு தூரத்தில். வெயில் இருபத்தேழு டிகிரி. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. இந்தக் காற்றை அன்றைக்கே நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இடம், காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் மனைவியின் தம்பி செல்லமுத்துவின் தோட்டம். ஒரு காளை கிழக்கே பார்த்து நிற்கிறது. அதன் பின்னால் பதினோரு அடி தள்ளி நான் ஒரு சாக்கின் மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். வயது எழுபத்து மூன்று. முகத்துக்கு முன்னால், கால்களைக் குட்டையாக மடக்கிய முக்காலியில் கேமரா.

எனக்கு இடது பக்கம் எண்ணெய் மில் முதலாளி ஒரு கூரைத் தகரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வலது பக்கம் பால் சங்கத் தலைவர் இன்னொரு தகரத்தைப் பிடித்திருக்கிறார். இருவருமே சலவை வேட்டி, தோளில் துண்டு. கிழக்கு வெயில் தகரத்தில் பட்டுத் திரும்பி, காளையின் பின்னங்கால்களுக்கு நடுவே நிழலாக இருக்கும் இடத்தில் விழ வேண்டும்.

"இன்னுங் கொஞ்சம் சாய்க்கோணுங்களா?" என்றார் மில் முதலாளி.

"ரெண்டு அங்குலம்."

"இப்ப விழுகுதுங்களா?"

"விழுகுதுங்க. தொடை மேலதான் விழுகுது."

"தலைவரே, நீங்க தொடையைப் பாத்துக்குங்க. நான் உள்ளார பாத்துக்கறேன்."

அந்தக் காளை முழுக் காளைதான், காயடிக்கப்பட்டதல்ல என்று ஊருக்குப் புகைப்படத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க வேண்டிய நிலைமைக்கு அதைக் கொண்டுவந்தவன் நான்.

கறுப்புப் பலகை

சென்ற வாரம் இந்த இதழில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியதற்கு நான்கு வாசகர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். மூன்று பேர் என் கூட்டல் தவறு என்கிறார்கள். தவறில்லை. நான்காமவர், "உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா?" என்று கேட்டிருந்தார்.

இருந்தது. கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை. வெள்ளை நூலைக் கறுப்புப் பலகையில் வரிசையாகச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துவைத்து, எத்தனை முடிச்சு, எத்தனை மெலிவு, எத்தனை தடிப்பு என்று எண்ணுவேன். வடக்கு ஜன்னலில் எண்ணினால் ஒரு கணக்கு வரும். டியூப்லைட்டில் எண்ணினால் வேறு கணக்கு. நூல் ஒன்றுதான். இதை மேனேஜருக்கு ஏழு முறை எழுத்தில் கொடுத்தேன். எட்டாவது முறை எழுதுவதற்குள் ஜன்னலை அடைத்துவிட்டு ஏசி மாட்டிவிட்டார்கள்.

அதனால்தான், மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுச் சென்ற கேமரா என் கைக்கு வந்ததும் முதலில் ஒரு வெள்ளைத் துண்டைப் படம் எடுத்தேன். மாடியில் கொடியில் காய்ந்த துண்டு. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, அரை மணிக்கு ஒரு தரம், இருபத்தைந்து தரம். ஒரே துண்டு ஒரே நாளில் மஞ்சளாகவும் நீலமாகவும் பழுப்பாகவும் இருந்தது. முப்பத்தோரு வருஷம் நான் சொன்னது சரி என்று அன்றைக்குத்தான் அத்தாட்சி கிடைத்தது. மேனேஜர் அதற்குள் காலமாகிவிட்டார்.

இந்தக் கேமராவில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஒரே காட்சியை ஒன்பது படமாக எடுக்கும். ஒவ்வொன்றிலும் எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு, ஒரு படி மாறும். முதல் படம் நான்கு படி இருட்டு. ஐந்தாவது, சரியென்று வைத்த அளவு. ஒன்பதாவது நான்கு படி வெளிச்சம். எனக்கு ஒன்றை நம்பிப் பழக்கமில்லை. எதையும் ஒன்பதாகத்தான் எடுப்பேன்.

மனைவி சரசுவை மாடியில் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து ஒன்பது எடுத்தேன். முதல் படத்தில் அவளுக்கும் பின்னாலிருந்த மாடிக் கதவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பதாவதில் தோடு இரண்டும் மூக்குக் கண்ணாடியும் மட்டும் ஆகாயத்தில் தொங்கின. ஏழாவதை, அதாவது இரண்டு படி கூட்டியதை, அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுலதானுங்க நான் நானாட்ட இருக்கறேன்," என்றாள்.

நாற்பத்தாறு வருஷ மணவாழ்க்கையில் என் வேலை ஒன்றை அவள் பாராட்டியது அது மூன்றாவது முறை. நோட்டில் எழுதிக் கோடு போட்டேன்: வெயில் முதுகில் இருந்தால் இரண்டு படி கூட்டுக.

அந்தப் படத்தைச் சரசு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். மறுநாளே செல்லமுத்து போன் செய்தான்.

"மச்சான், அக்காளுக்கு இருவது வயசு கொறச்சுப் போட்டீங்க. நம்ம மைனரையும் ஒண்ணு புடிச்சுக் குடுங்க."

மைனர் வெளுத்தது

மைனர் என்பது செல்லமுத்துவின் பொலிகாளை. காங்கேயத்துக் காளை. சுற்றுவட்டாரத்துப் பசுக்களைச் சினைக்கு அதனிடம்தான் கொண்டுவருவார்கள். செல்லமுத்துவுக்குத் தேங்காய்க் களம் உண்டு, கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் கடைவீதியில் அவனை யாரும் அதை வைத்து அடையாளம் சொல்வதில்லை. "மைனர் ஊட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள். வரும் சித்திரையில் கூடும் மாட்டுத்தாவணியில், அதாவது மாட்டுச் சந்தையில், மைனரை நிறுத்தி மாலை போட வேண்டும் என்பது அவனுடைய நான்கு வருஷத்து ஆசை.

நான் போனேன். காலை வெயில். மைனருக்கு ஒரு பழக்கம்: விடிந்ததும் கிழக்கே பார்த்து நிற்கும். திருப்பினால் படுத்துக்கொள்ளும். பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி நின்று, எதிர்வெயிலில் எடுத்தேன். ஒன்பதில் ஏழாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதுகோரமெல்லாம் வெள்ளிக் கம்பி இழைத்தது போல வெளிச்சம். கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம். எண்ணினேன், இடது கண்ணில் மட்டும் ஐம்பத்தெட்டு.

செல்லமுத்துவுக்கும் பிடித்திருந்தது. பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஃப்ளெக்ஸ் அடித்துத் தார்ச் சாலை முக்கில் கட்டினான். பில் என் பெயரில். படமும் நான், பில்லும் நான் என்று நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆயிரத்து நானூற்று நாற்பது.

காங்கேயம் மாட்டைப் பற்றி ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு விஷயம் நூல் பார்த்த எனக்குத் தெரியாது. கன்று பிறக்கும்போது செவலை. நான்கு மாதத்தில் சிவப்பு போய்ச் சாம்பலாகும். பசு அப்படியே சாம்பலாக நின்றுவிடும். காளைக்கு மட்டும் திமிலிலும் கழுத்திலும் தொடையிலும் கருமை ஏறும். காயடித்துவிட்டால் அந்தக் கருமை இறங்கி, எருது வெளிறிப்போகும்.

நான் இரண்டு படி கூட்டியதில் மைனரின் கருமை மொத்தமும் இறங்கியிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள்

மூன்றாம் நாள் செல்லமுத்துவுக்கு முதல் போன் வந்தது.

"ஏனுங்க செல்லமுத்து, மைனருக்குக் காயடிச்சுப் போட்டீங்களாமா?"

"ஆரு சொன்னது?"

"சொல்றதென்னங்க, முக்குல நீங்களே கட்டி வெச்சிருக்கறீங்களே."

அடுத்த ஒரு வாரத்தில் பதினோரு பேர் வந்தார்கள். மில் முதலாளி வந்தார். பால் சங்கத் தலைவர் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார்கள், காப்பி குடித்தார்கள், "மனசைத் தேத்திக்குங்க" என்றார்கள், போனார்கள். மாடு கட்டும் சாளை அந்தக் கட்டிலிலிருந்து முப்பது தப்படி. பதினோரு பேரில் ஒருவராவது கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமே? பார்க்கவில்லை. கஷ்டத்தில் இருக்கிற மனிதர் வீட்டில் போய், சொல்வது நிஜமா என்று காளையின் பின்னால் குனிந்து பார்ப்பது மரியாதையில்லை.

நேரில் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. "பாத்துட்டுப் போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே மாப்ளே?" என்று போனில் கேட்டேன்.

"நானா? எங்க காளைக்குப் பின்னாடி வந்து பாருங்கன்னு நான் என்ற வாயால கூப்புடறதுங்களா? அப்பறம் நான் ஊருக்குள்ள துண்டு போட்டுட்டு நடக்க வேண்டாமுங்களா?"

சித்திரைக்குள் வருவதாகச் சொல்லியிருந்த பசுக்கள் பதினேழு. பதினான்கு வேறு காளைக்குப் போய்விட்டன. மீதி மூன்றும் எந்த நேரமும் போய்விடலாம். மாலை போட நினைத்த மாட்டுத்தாவணிக்கு மைனரை ஓட்டிப்போனால் எல்லாரும் பரிதாபப்படுவார்கள் என்று செல்லமுத்து வெளியே போவதையே நிறுத்திவிட்டான். தேங்காய்க் களத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று செய்தி வந்தது.

 மூன்றாம் நாள் சரசு தீர்ப்பைச் சொன்னாள்.

"பொறந்த ஊட்டுப் பக்கம் நான் தலை காட்ட முடியாமப் பண்ணிப் போட்டீங்க. அந்தக் காளைக்குப் பழையபடி நெறம் வர்ற வரைக்கும் இந்த ஊட்டுல உங்களுக்குக் காப்பி கெடையாது."

இருபத்து மூன்று நாள் காப்பி இல்லை. மாடியில் அந்த ஏழாவது படத்தை மட்டும் பிரேம் போட்டு மாட்டியிருந்தாள். அதைப் பற்றிக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கறுத்தது

கணக்கு எளிது என்று நினைத்தேன். இரண்டு படி கூட்டியதால் வெளுத்தது. இரண்டு படி குறைத்தால் சரியாகிவிடும். அடுத்த பஸ்ஸில் காங்கேயம் போனேன். அன்று மேகமூட்டம். குறைத்து எடுத்தேன். அதே அளவு ஃப்ளெக்ஸ், அதே முக்கு, அதே ஆயிரத்து நானூற்று நாற்பது.

மைனர் கரிமூட்டையாக நின்றது. திமில் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

அன்று சாயந்திரமே முக்கில் இருந்த டீக்கடையில் பேச்சு. நானே என் காதால் கேட்டேன். நான்தான் எடுத்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

"டை அடிச்சிருக்கறாங்கப்பா."

"பாவம், என்ன பண்ணுவாரு. மானம் போகுதில்ல."

"மனுசனுக்கு அடிக்கற டைதானா, மாட்டுக்குத் தனியா வருதா?"

"ஏனுங்க பெரியவரே, நீங்க என்ன டை போடறீங்க?"

நான் டை போடுவதில்லை. சொன்னேன். நம்பவில்லை.

யூசுப் பாயின் அட்டை

கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் யூசுப் பாய். கடை நான்கு அடி அகலம். உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் எழுந்து வெளியே வர வேண்டும். என் வெள்ளைக் காளையையும் கறுப்புக் காளையையும் காட்டினேன்.

"சார், கேமராவுக்குக் கறுப்புந் தெரியாது, வெள்ளையுந் தெரியாது," என்றார். "எதைக் காட்டினாலும் எல்லாஞ் சாம்பல்தான்னு நெனச்சு அளக்கும். கறுப்பைக் காட்டினா வெளுக்க வெக்கும், வெள்ளையைக் காட்டினா மங்க வெக்கும். அதும் பத்தாதுன்னு நீங்க மேல ரெண்டு, கீழ ரெண்டு போட்டிருக்கீங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

பாய் ஒரு அட்டையை எடுத்தார். பாடப்புத்தக அளவு. இரண்டு பக்கமும் ஒரே சாம்பல். ஆள் நிற்கும் வெளிச்சத்திலேயே அந்த அட்டையைப் பிடித்து, அதை அளந்து, அந்த அளவைக் கேமராவில் பூட்டிவிட்டு எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே வரும், வெள்ளை வெள்ளையாகவே வரும்.

"எவ்வளவு?"

"எண்ணூத்தி அம்பது."

"ஒரு அட்டைக்கா?"

"நெறத்துக்கு சார். அட்டை ச்சும்மா."

வாங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் நிறத்தோடு நிறம் ஒப்பிட்ட கண் என்னுடையது. அந்த அட்டையை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்ததுமே இதே சாம்பலை எங்கே பார்த்தேன் என்று நினைவு வந்துவிட்டது. செல்லமுத்துவின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம், வள்ளியம்மாளின் மயிலைப் பசு. அதன் விலாப்புறம்.

"எங்க ஊருப் பக்கம் இதே நெறத்துல மாடு இருக்குதுங்க பாய்," என்றேன்.

 பாய் அட்டையை உறையில் போட்டு, உறையை டப்பாவில் போட்டு, டப்பாவை மேல் தட்டில் வைத்தார்.

பதினாறு முறை

இந்த முறை எதைப் படம் எடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. சரசு சொல்லிவிட்டாள்.

"மொகத்தைப் புடிச்சு என்னங்க ஆகப் போகுது? சந்தேகம் எங்க இருக்குதோ அங்க புடிங்க."

வள்ளியம்மாள் அறுபது வயசுக்காரி, தனி ஆளாக ஐந்து ஏக்கர் பார்ப்பவர். மைனர் வெளுத்துவிட்டது என்று முதலில் நம்பித் தன் பசுவை வேறு காளைக்குச் சொல்லிவைத்தவரும் அவரேதான். சனிக்கிழமை சாயந்திரம் போய்க் கேட்டேன்.

"மாடு எதுக்குங்க?"

"நெறம் பாக்கறதுக்கு."

"பாத்துட்டு?"

"பாத்துட்டுத் திருப்பி ஓட்டிட்டு வந்திருவேன். ஒரு நாளைக்கு வாடகை நூறு ரூபா."

நிறம் பார்க்க மாட்டுக்கு வாடகை கொடுப்பவரை அவர் அதுவரை பார்த்ததில்லை. கோயமுத்தூரில் படித்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது. "விடியக் காலம் வந்து நீங்களே அவுத்துக்குங்க," என்றார். "எனக்குத் திருப்பூருல ஒரு வளைகாப்பு."

விடியற்காலையில் நானே கயிற்றைப் பிடித்து ஓட்டிவந்தேன். எனக்கு மாடு பிடித்துப் பழக்கமில்லை. ஆயிரத்து முந்நூற்று நாற்பது தப்படி. வழியெல்லாம் பசு தலையைத் தூக்கித் தூக்கிக் கத்தியது. எண்ணினேன், பதினாறு முறை. வழி புதிது, ஆள் புதிது, அதனால் கத்துகிறது என்று நோட்டில் எழுதினேன்.

தோட்டத்தில் எல்லாம் தயார். தகரம் பிடிக்க ஆள் தேவைப்பட்டபோது, துக்கம் கேட்க இரண்டாம் தடவையாக வந்திருந்த மில் முதலாளியும் தலைவரும் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒப்புக்கொண்டார்கள். பிடித்த பிறகும் அவர்கள் காளையை நேராகப் பார்க்கவில்லை. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லமுத்து மைனருக்கு முன்னால், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பசு பதினேழாவது முறை கத்தியது.

"அந்த மாடு எதுக்குங்க மச்சான்?"

"சாம்பலுக்கு மாப்ளே."

"செரிங்க," என்றான்.

மைனரின் பின்புறம் எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதே வெளிச்சத்தில் பசுவும் நிற்க வேண்டும். அதாவது மைனருக்குச் சரியாகப் பின்னால், நான்கு அடி தள்ளி. நிறுத்தினேன். கயிற்றை என் இடது கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். பசுவின் விலாவை அளந்தேன். அளவைக் கேமராவில் பூட்டினேன். இதுவரை எல்லாம் சரி.

காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசிக்கொண்டிருந்தது. பசு மேற்கே. காளை கிழக்கே.

மணி ஏழு பதின்மூன்று. விடிந்தபின் திருப்பினால் படுத்துக்கொள்ளும் மைனர், யாரும் திருப்பாமல் தானாகத் திரும்பியது.

ஐந்தாவது படம்

இந்த இதழை வீட்டில் எல்லாரும் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் நினைவுபடுத்தினார். ஆகவே நடந்ததை என் தரப்பிலிருந்து மட்டும் சொல்கிறேன்.

கயிறு என் கையை விட்டுப் போனது. நான் உருண்டேன், இரண்டரைச் சுற்று. மில் முதலாளி தகரத்தோடு உட்கார்ந்தார். தலைவர் தகரத்தைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார். தகரம் இரண்டும் மடங்கின. அது செல்லமுத்து கூரைக்கு வைத்திருந்த புதுத் தகரம், ஆயிரத்து நூறு. முக்காலியின் ஒரு கால் முறிந்தது, ஆயிரத்து அறுநூற்றைம்பது. முறிந்த வேகத்தில் பொத்தான் அழுந்தி, கேமரா மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தபடியே தன் ஒன்பது படங்களையும் எடுத்து முடித்தது.

நாலாபுறமும் ஆள் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. வரப்பின் மேல் மட்டும் இருபத்தாறு பேர். தகரம் விழுந்த சத்தத்துக்கு ஓடிவந்தவர்கள், வந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றார்கள். ஒரு மாதமாகத் திரும்பாத கழுத்தெல்லாம் அன்று திரும்பியிருந்தன.

"ஏப்பா," என்றார் யாரோ. "காயடிச்சதுன்னாங்க?"

"காயடிச்ச மாடு பண்ற வேலையா அது?"

"டைன்னும் சொன்னாங்களே?"

"டைதானுங்க," என்றார் வரப்பில் நின்ற தலைவர். ஒரு மாதத்தில் அவர் மைனரை நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான். "நல்ல கம்பெனி டை."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லமுத்து சிரித்தான். அவன் கண் கலங்கியிருந்ததையும் நான் பார்த்தேன்; துண்டால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டான்.

என்னை யாரும் தூக்கிவிடவில்லை. நானாக எழுந்து, மில் முதலாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த மாடு இப்படி நடந்துக்கும்னு ஆருக்குமே தெரியலீங்களே," என்றேன்.

"தெரியாம என்னங்க? நேத்து ராத்திரியிலிருந்து கத்தீட்டு இருக்குது. பருவத்துக்கு வந்த மாடுன்னு பக்கத்தூருக்கே தெரியும்."

"அப்ப ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க படிச்சவீங்க. பின்னாடியே கொண்டுவந்து நிறுத்தறீங்க. காத்து எந்தப் பக்கம்னு நோட்டுல வேற எழுதறீங்க. கணக்காத்தான் பண்றீங்கன்னு நெனச்சுப் போட்டோம்."

படங்களைச் சாயந்திரம் பார்த்தேன். முதல் நான்கும் இருட்டு. கடைசி நான்கும் வெறும் வெளுப்பு. ஐந்தாவது படத்தில் கறுப்பு கறுப்பாக இருந்தது. திமிலின் கருமை, தொடையின் கருமை, வரப்பில் நின்ற தலைவருடைய வேட்டியின் வெள்ளை, பசுவின் சாம்பல், எல்லாம் அதது அதன் நிறத்தில். என் வாழ்நாளில் இத்தனை துல்லியமான எக்ஸ்போஷரில் வேறு படம் வந்ததில்லை. ஃப்ளெக்ஸில் போட முடியாத படம். செல்லமுத்து அதை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டான். ஆறு நாளில் முப்பத்தொரு பசு. சித்திரையில் மைனர் மாலையோடு நின்றது.

கோயமுத்தூர் திரும்பிய அன்று சரசு காப்பி கொடுத்தாள். சர்க்கரை ஒரு ஸ்பூன் அதிகமாகவே இருந்தது.

வந்த மாதிரியே

வைகாசியில் வள்ளியம்மாள் செல்லமுத்து வீட்டுக்கு வந்தார். மாடு சினை என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னையும் வரவழைத்திருந்தார்கள்.

"நான் மேலூருக் காளைக்குச் சொல்லி வெச்சிருந்தேன்," என்றார். "அதை விடுங்க. வாடகைக்கு வாங்கின சாமானை வாங்கின மாதிரியே திருப்பிக் குடுக்கறதுதானுங்களே நாயம்?"

"திருப்பிக் குடுத்தனுங்களே அம்மணி. அன்னிக்கு மத்தியானமே ஓட்டிட்டு வந்து கட்டினேன்."

"வாங்கின மாதிரியா கட்டினீங்க?"

 மாடு வாங்கின நிலைமைக்குத் திரும்புகிற வரை வாடகை ஓடும் என்றார். அதாவது கன்று போடும் வரை. தலைவர், மில் முதலாளி, இன்னும் நான்கு பேர் பேசிப் பேசி, நூறு ரூபாயை ஐம்பதாக இறக்கினார்கள். நான் சராசரி இருநூற்றெண்பது நாள் என்று கணக்குப் போட்டுக் கட்டிவிட்டேன். பசு நான்கு நாள் தாமதமாக மார்கழியில் கன்று போட்டது. அந்த நான்கு நாளுக்கும் தனியாக வாங்கிக்கொண்டார். ஆக, பதினாலாயிரத்து இருநூறு.

"அப்ப கன்னுல எனக்கு ஏதாவது பங்குண்டுங்களா?" என்று அந்த வைகாசிச் சபையிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்கெப்படிங்க? நீங்க நெறத்துக்குத்தான வாங்கினீங்க?"

சபை அவர் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

எழுந்திருக்கும்போது செல்லமுத்து தொண்டையைச் செருமினான்.

"மச்சான், ஒரு ஆயிரம் ரூபா பாக்கி இருக்குதுங்க. மைனரோடது."

"எங்கிட்டயா?"

"பசுவைக் கயிறு புடிச்சு ஓட்டிட்டு வந்தவீங்கதான் குடுக்கோணும். அதுதானுங்க மொறை. உங்களுக்குன்னு மொறையை மாத்தினா நாளைக்கு மத்தவீங்க கேப்பாங்க."

"மாடு கத்தினது உனக்குங் கேட்டுதா மாப்ளே?"

"கேக்காமயா மச்சான் இருக்கும்? நாப்பது வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன்."

கொடுத்தேன். இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டான். பிறகு என்னை பஸ் ஏற்றிவிட வந்து, பஸ் கிளம்பும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளம்பும்போது, "கன்னு பொறந்தா வந்து நீங்கதான் போட்டோ புடிக்கோணும்," என்றான். காங்கேயத்துக்கும் கோயமுத்தூருக்குமாக அது ஒன்பதாவது நடை. பஸ் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கன்றைப் பார்க்கப் போனபோது கார் அனுப்பினான், அதைச் சேர்க்கவில்லை.

கன்று செவலை. காளைக் கன்று. அதைப் படமெடுக்கப் போகும் முன் கோட்டைமேட்டுக்குப் போனேன். யூசுப் பாய் எழுந்து வெளியே வந்து எனக்கு இடம் விட்டார். நான் கேட்கும் முன்பே, மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்துத் தூசி தட்டினார்.

"தொள்ளாயிரத்து இருவது சார்."

"போன வருஷம் எண்ணூத்தி அம்பதுன்னீங்களே பாய்?"

"போன வருஷம் உங்ககிட்ட மாடு இருந்துச்சே சார்."

ஆக, ஃப்ளெக்ஸ் முதல் அட்டை வரை, ஒரு சாம்பல் நிறத்துக்கு நான் கொடுத்த விலை இருபத்திரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.